தந்தக் குழந்தையின் சுண்டுவிரல்

ஒட்டிய விரல் மறுபடியும் தரையில் கிடந்தது.

மேசைக்கு நேர் கீழே விழுந்திருந்தால் குனிந்து பொறுக்கிக்கொண்டு அவள் வேலையைப் பார்த்திருப்பாள். அது அறையின் மறுகோடியில், அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் கிடந்தது. நெல்மணி அளவுள்ள ஒரு பொருள் தானாக உருண்டு அவ்வளவு தூரம் போகாது. சின்னச் சாமான்கள் உருண்டு விழக்கூடாது என்பதற்காகவே மேசை ஓரத்தில் சட்டம் வேறு அடித்துவைத்திருந்தாள். ஜன்னல் சாத்தியிருந்தது, கதவு பூட்டியிருந்தது, ஸ்பிரிட் வாசனையும் மெழுகு வாசனையும் நேற்று விட்ட இடத்தில் அப்படியே நின்றன. விரல் மட்டும் இடம் மாறியிருந்தது.

முதலில் வைத்தது மெழுகு விரல். அது விழுந்தபோது வெயிலைக் குறை சொன்னாள். பிறகு ரெசின் பிசினில் வார்த்து வைத்தாள். அது விழுந்தபோது பசையைக் குறை சொன்னாள். இந்த முறை பசையும் புதிது, வெயிலும் இல்லை. குறை சொல்வதற்கு இனி மனிதர்கள்தான் பாக்கி.

உடைந்ததை ஒட்டுவது அவள் தொழில். அருங்காட்சியகத்தில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு, மகள் பிறந்த பிறகு வீட்டின் கடைசி அறையைப் பட்டறையாக்கிக்கொண்டவள். கூட வேலை செய்தவர்கள் அவளைப் ‘பொம்மை டாக்டர்’ என்று கூப்பிடுவார்கள். கேலிதான், ஆனால் அவளுக்கு உள்ளூரப் பெருமை. அவள் ஒட்டியது விட்டுப்போனதாக இதுவரை ஒருவரும் திரும்பி வந்ததில்லை.

மேசைமேல் அந்தக் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. கடல் கடந்து வந்தவர்கள் நாட்டை ஆண்ட காலத்தில், அவர்களுடைய பாதிரியார் ஒருவருக்காக உள்ளூர்ச் சிற்பி யானைத் தந்தத்தில் செதுக்கிய குழந்தை இயேசு. கையளவு நீளம். ஒருக்களித்துப் படுத்து, இடது கையைக் கன்னத்துக்கு அடியில் கொடுத்து, வலது கையை மார்பில் வைத்திருந்தது. உதட்டில் மங்கிய சிவப்பு, முடியில் பொன்பூச்சு கொஞ்சம். அந்த வலது கையில்தான் சுண்டுவிரல் இல்லை. சிற்பி எந்தப் படத்தைப் பார்த்துச் செதுக்கினானோ, முகத்துக்கு மட்டும் தன் வீட்டுப் பிள்ளையைப் பார்த்திருக்க வேண்டும். அடம்பிடித்து அழுது ஓய்ந்து தூங்கிப்போன முகம் அது.

கன்னியர் மடத்தின் மூத்த சிஸ்டர் தானே நேரில் கொண்டுவந்து கொடுத்தார். பெட்டியை மடியில் வைத்து, மூடியைத் தடவிக்கொண்டே சொன்னார்.

“சுத்தம் மட்டும் பண்ணிக் குடுங்க, போதும். புதுசா எதையும் சேர்க்க வேணாம்.”

“விரல் ஒண்ணு இல்லையே, சிஸ்டர்?”

“இல்லாமலே இருக்கட்டும். எங்களுக்குப் பழகிப்போச்சு.”

அவளுக்குச் சுருக்கென்றது. வைத்தியரிடம் வந்து, காய்ச்சலைப் பாருங்கள், காலைப் பார்க்க வேண்டாம் என்பதுபோல் இருந்தது அந்தப் பேச்சு. சரி என்று தலையாட்டினாள். தலையாட்டும்போதே செய்துவிடுவது என்று முடிவும் செய்துவிட்டாள்.

சுத்தம் செய்வது அவளுக்குக் கைவந்த வேலை. தந்தத்துக்குத் தண்ணீர் ஆகாது. ஊறினால் விரியும், காய்ந்தால் வெடிக்கும். அதனால் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எச்சிலைத்தான் நம்புவார்கள். பஞ்சு சுற்றிய குச்சியை நாக்கில் தொட்டு, கண்ணிமை, மூக்கோரம், உதட்டு மடிப்பு என்று ஒவ்வோர் இடமாக உருட்டி எடுப்பாள். அழுக்குப் பஞ்சில் ஏறும், உள்ளிருந்து வெண்ணெய் நிறம் எழும்பும். புருஷன் ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, “சாமிக்கே எச்சில் பண்ற ஆளு நீ ஒருத்திதான்” என்று சிரித்தான். அவளும் சிரித்தாள்.

இப்போது சிரிப்பு வரவில்லை. பகலில் புருஷன் அலுவலகத்தில், மகள் பள்ளியில். வீட்டில் இருப்பது நாத்தனார் ஒருத்திதான். கல்யாணம் சரிப்படாமல் அண்ணன் வீட்டுக்கே திரும்பி வந்தவள், முன்னறையில் தையல் மிஷின் போட்டுக்கொண்டு அக்கம்பக்கத்துக்குத் துணி தைக்கிறாள். பட்டறையின் இன்னொரு சாவி, அறையைப் பெருக்குவதற்காக அவளிடம்தான் இருந்தது.

அன்று மிஷின் ஓசை நின்ற நேரமாகப் பார்த்து முன்னறைக்குப் போனாள்.

“இன்னைக்கு என் ரூமைப் பெருக்கினியாம்மா?”

நாத்தனார் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே நிமிராமல் சொன்னாள். “அந்தப் பொம்மை வந்ததுலேர்ந்து நான் அந்தப் பக்கமே போறதில்ல அண்ணி. கேக்கணும்னு நெனச்சேன். நீங்களே பெருக்கிக்கிறீங்களா?”

“ஏன், அது உன்னை என்ன பண்ணுச்சு?”

“ஒண்ணும் பண்ணல. முழிச்சிட்டே தூங்குறாப்ல இருக்கு. நம்ம வாயாடி தூங்குற மாதிரி நடிப்பாளே, அப்படி.”

நல்ல பதில்தான். அறைக்குள் போகாதவளுக்கு அதன் முகம் இவ்வளவு துல்லியமாக எப்படித் தெரியும் என்று அவள் மனம் கேட்டது. கேட்டதோடு நிற்கவில்லை, அதற்குப் பிறகு நாத்தனாரின் ஒவ்வொரு சொல்லையும் புரட்டிப் புரட்டிப் பார்த்தது.

உண்மையைச் சொன்னால் விரல் ஒரு சாக்கு. வாயாடி என்பது மகளின் செல்லப்பெயர். பேச ஆரம்பித்த நாளிலிருந்து ஓயாத வாய். அந்த வாய் பள்ளியிலிருந்து வந்ததும் முதலில் கூப்பிடுவது “அத்தை” என்றுதான். சாப்பாடு அத்தை கையால், தலைபின்னல் அத்தை கையால், தூக்கம் அத்தை பக்கத்தில். முன்பல் இரண்டு விழுந்தபோதுகூட, அத்தையிடம்தான் ஓடிப்போய்க் கொடுத்தாள். அத்தை அவற்றைக் கழுவித் துடைத்து ஊசி டப்பாவில் பஞ்சுக்குள் பத்திரப்படுத்தினாள். பெற்றவளுக்கு அது பிறகுதான் தெரிந்தது. வயிறு எரிந்தது. வெளியில் சொல்ல முடியுமா, அதுவும் இல்லை.

அந்த டப்பாவை நினைத்தபோதுதான் அந்த யோசனை வந்தது.

தந்தம் என்பது வேறொன்றுமில்லை, யானையின் பல். பல்லுக்குப் பல் சேரும். நிறம் சேரும், பளபளப்பு சேரும், வெயிலுக்கும் ஈரத்துக்கும் இரண்டும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும். புதிதாக வைக்கும் துண்டு வேறு பொருளில் இருக்க வேண்டும், நாளைக்கு யாராவது எடுக்க நினைத்தால் கழற்ற முடிய வேண்டும் என்பது தொழில் விதி. இத்தனை வருடத்தில் அவள் அதை மீறியதில்லை. ஆனால் ரோஷம் என்று ஒன்று இருக்கிறதே. நாத்தனார் கடைக்குப் போன நேரத்தில் ஊசி டப்பாவைத் திறந்தாள். ஒரு பல்லை எடுத்துக்கொண்டாள்.

அரத்தால் தேய்த்தபோது கிளம்பிய பொடியில் மகளின் வாய் வாசனை இருந்தது, பாலும் தூக்கமும் கலந்த வாசனை. நகம் செதுக்கினாள், கணு செதுக்கினாள். வைத்து ஒட்டியபோது அது தயாராகக் காத்திருந்த குழியில் போய் உட்கார்வதுபோல் உட்கார்ந்தது.

மறுநாள் விரல் விழவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. லென்ஸை வைத்துப் பார்த்தாள். ஒட்டிய கோடு தெரியவில்லை. தான் ஒட்டிய கோட்டைத் தானே தேட வேண்டியிருந்ததில் அவளுக்கு அப்படியொரு கர்வம்.

“டப்பால ஒரு பல்லு காணோம் அண்ணி” என்றாள் நாத்தனார், இரவுச் சாப்பாட்டின்போது.

“எலி தூக்கிட்டுப் போயிருக்கும்.”

“மூடியைத் திறந்து எடுத்துட்டு மறுபடி மூடி வச்சிட்டா போகும் எலி?”

புருஷன் சிரித்தான். அவள் குழம்பை ஊற்றிக்கொண்டாள். நாத்தனார் சிரிக்காமல் அவளையே பார்த்ததை அவள் பார்க்காததுபோல் இருந்தாள்.

பிறகு வாயாடிக்கு இன்னொரு பல் ஆடியது. அதற்குப் பக்கத்துப் பல்லும் ஆடியது. விழுகிற வயதுதான் என்று யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. விழுந்த பற்கள் மட்டும் எங்கேயும் கிடைக்கவில்லை. தலையணையை உதறியும் பாயைத் தட்டியும் நாத்தனார் தேடினாள். விழுந்த இடத்தில் புதுப் பல் முளைக்கிற அடையாளமே இல்லை. ஈறு வழுவழுவென்று மூடிக்கொண்டது. இடைவெளி வழியே காற்றுப் போய், “அத்தை” என்கிற சொல் ஒரு சின்ன விசிலோடு வெளிவந்தது. முதலில் எல்லோரும் சிரித்தார்கள், அவளும் வேண்டுமென்றே நூறு தடவை விசிலடித்துக் காட்டினாள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சே குறைந்தது. பள்ளியிலிருந்து வந்தால் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டாள். தொட்டால் கை சில்லென்று இருந்தது.

“நம்ம வீட்ல இவ்ளோ அமைதியா? பக்கத்து வீட்டுக்காரங்க பயந்துடப் போறாங்க” என்றான் புருஷன்.

மழைக்காலம் தொடங்கியது. சுவர்கள் ஈரத்தைக் குடித்து ஒருவிதப் பழைய துணி வாசனை விட்டன. பட்டறையில் அவள் குழந்தையின் முகத்தை, அது வந்த அன்று எடுத்த போட்டோவோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தாள். போட்டோவில் உதடுகள் மூடியிருந்தன. மேசைமேல் இருந்த முகத்தில் உதடுகளுக்கு நடுவே ஒரு மயிரிழை இடைவெளி. தந்தம் ஈரத்தில் விரியும், அதனால் உதடு அசையுமா என்று யோசித்தாள். அசையாது. யாரோ கூர்மையான முனையால் கீறியிருக்கிறார்கள். வீட்டில் ஊசியும் கத்தரியும் யாரிடம் இருக்கின்றன என்பதை யோசிக்க அதிக நேரம் ஆகவில்லை. பொம்மையைக் கெடுத்து என் பெயரைக் கெடுப்பாள், பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு எனக்கில்லாமல் செய்வாள் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டாள்.

அந்த வாரமே நாத்தனார் வாயைத் திறந்தாள்.

“அண்ணி, புள்ளையைக் கொஞ்ச நாள் நான் எங்கேயாவது கூட்டிட்டுப் போறேனே. சித்தி வீட்டுக்கு. இந்த வீட்ல அவ சரியா இல்ல.”

“எங்க வீடு சரியில்லையா?”

“அப்படிச் சொல்லல. தூங்கும்போது அவ பக்கத்துல படுத்திருக்கேன்ல, பல்லைக் கடிக்கிற சத்தம் கேக்குது. எழுந்து பாத்தா அவ வாய் அசையவே இல்ல. சத்தம் சுவத்துக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து வருது. உங்க ரூம்லேர்ந்து.”

“உனக்குப் புள்ள இல்லைங்கிறதுக்காக என் புள்ளையைத் தூக்கிட்டுப் போகக் கதை கட்டாதே.”

சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு அந்த வார்த்தையை அள்ள முடியவில்லை. நாத்தனார் ஊசியைத் துணியிலேயே குத்திவைத்துவிட்டு எழுந்தாள். கண்ணில் தண்ணீர் வரவில்லை, முகம் வெளிறிப்போயிருந்தது. போய்ப் பெட்டியைக் கட்டினாள். புருஷன் இரண்டு பேரையும் மாற்றி மாற்றிப் பார்த்து, கடைசியில் வழக்கம்போல யாரையும் ஒன்றும் கேட்காமல், தங்கையை ரயிலேற்றிவிடப் பெட்டியைத் தூக்கினான். வாசலில் அத்தை குனிந்து முத்தம் கொடுத்தபோது வாயாடி அத்தையின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. பெற்றவள்தான் விரல் விரலாகப் பிரித்து எடுத்தாள்.

அவர்கள் போனதும் மழை வலுத்தது. இருட்டத் தொடங்கியிருந்தது. கூரைத் தகரத்தில் விழுந்த மழை பெரிய சத்தம், சாக்கடையில் ஓடிய தண்ணீர் சின்னச் சத்தம், முன்னறையில் ஓடாத தையல் மிஷினின் மௌனம் அதைவிடப் பெரிய சத்தம் என்று அவளுக்குத் தோன்றியது. வருத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் என் மகள் இனி என்னிடம் வருவாள் என்று ஓர் ஓரத்தில் சந்தோஷமும் இருந்ததை மறைப்பானேன். கடைசி அறைக்கு அடுத்த படுக்கையறையில் மகள் ஒருக்களித்துக் கிடந்தாள். ரொட்டியைப் பாலில் தோய்த்து எடுத்துப் போனாள். பக்கத்தில் உட்கார்ந்து தலையைக் கோதினாள்.

“கொஞ்சம் சாப்பிடுடா கண்ணு.”

மகள் கண் திறக்கவில்லை. உதடு லேசாகப் பிரிந்தது. அந்த ஓட்டை வாயைப் பார்த்ததும் தாய்க்கு மனம் இளகியது.

“அத்தை எங்கம்மா?” விசிலோடு வந்தது குரல், மிக மெலிதாக.

“வருவா. தூங்கு.”

கரண்ட் போனது.

இருட்டில் அந்தச் சத்தம் கேட்டது. நறநறவென்று, பல்லோடு பல் அரைபடும் சத்தம். அவள் மகளின் தாடையில் கை வைத்துப் பார்த்தாள். தாடை அசையவில்லை. சத்தம் நிற்கவும் இல்லை.

சுவருக்கு அந்தப் பக்கம்.

நாத்தனார் சொன்னது பொய்யில்லை.

மகளை விட்டு எழுந்தாள். பயத்தோடு ஒரு கோபமும் வந்தது. அந்த விரலை எடுத்துவிட வேண்டும், இப்போதே, இந்த நிமிடமே. போன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு போய்ப் பட்டறையின் பூட்டைத் திறந்தாள். உள்ளே ஸ்பிரிட் வாசனை இல்லை, மெழுகு வாசனை இல்லை. பால் வாசனை. தூக்க வாசனை. சிஸ்டர் கொண்டுவந்த பெட்டி மூடியிருந்தது. திறந்தாள்.

ஒருக்களித்துப் படுத்திருந்த குழந்தை மல்லாந்து கிடந்தது.

கையில் எடுத்தாள். தந்தம் கைச்சூட்டில் சூடாகும், அது அவளுக்குத் தெரியும். இது எடுப்பதற்கு முன்பே சூடாக இருந்தது. வேர்த்திருந்தது. போனை மேசைச் சட்டத்தில் சாய்த்துவைத்துவிட்டு, இடுக்கியை எடுத்துச் சுண்டுவிரலைப் பிடித்தாள். ஒட்டு இருந்த இடம் தெரியவில்லை. இழுத்தாள். விரல் மடங்கி இடுக்கியைப் பிடித்துக்கொண்டது.

இடுக்கி கீழே விழுந்தது.

அவள் கத்தவில்லை. கத்தினால் பக்கத்து அறையில் மகள் பயந்துவிடுவாள் என்று அந்த நேரத்திலும் நினைத்தாள். போனை எடுத்துப் பொம்மையின் முகத்தருகே கொண்டுபோனாள். வாய் திறந்திருந்தது. உள்ளே சின்னச் சின்னப் பற்கள். முன்னால் இடைவெளி. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. கொஞ்சம் முன்பு, ரொட்டியை நீட்டிய நேரத்தில், அந்த இடைவெளிகளை அவள் மகளின் வாயில் பார்த்திருந்தாள். அதே இடம். அதே வழவழப்பான ஈறு.

உதடு அசைந்தது. காற்று வந்தது. ஒரு சின்ன விசில்.

“அத்தை.”

“என்னம்மா பண்றே?” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

தெளிவான குரல். விசில் இல்லை.

திரும்பினாள். கதவருகே மகள் நின்றுகொண்டிருந்தாள். நேராக, வெறுங்காலோடு. வெளிச்சம் பட்டதும் சிரித்தாள். வாய் நிறையப் பற்கள். பழுத்த மஞ்சள். ஒவ்வொன்றிலும் மேலிருந்து கீழே மயிரிழை வெடிப்பு. நூற்றாண்டுக் கணக்கில் பழகிய தந்தத்தில் மட்டும் விழும் வெடிப்பு. அவளுக்குத் தெரியாத வெடிப்பா.

“உனக்கு... பல்லு...”

“முளைச்சிடுச்சு.”

உள்ளங்கையில் இருந்தது அழத் தொடங்கியது. சத்தம் வரவில்லை. உடம்பு மட்டும் குலுங்கியது. சுண்டுவிரல் அவள் கட்டைவிரலைச் சுற்றிப் பிடித்துக்கொண்டது. முந்தானையைப் பிடித்த பிடி. எது தன் பிள்ளை என்று கேட்பதற்கு இந்த வீட்டில் ஒருத்தி இருந்தாள். பார்த்ததும் சொல்லியிருப்பாள். அவளை ரயிலேற்றியாயிற்று.

மகள் உள்ளே வந்தாள். கதவைச் சாத்தினாள். அவசரமே இல்லாமல் மேசையைச் சுற்றி வந்து, ஆணி அடிக்கும் சுத்தியலை எடுத்தாள். அம்மாவின் இன்னொரு கையிலிருந்த போனை மேசைமேல் வைத்துவிட்டு, அந்தக் கையில் சுத்தியலை வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடித்து மூடிவிட்டாள். அந்தப் பிஞ்சுக் கை குளிர்ந்து, வழவழவென்று இருந்தது.

“அதை உடைச்சிடும்மா” என்றாள். “அப்பா வர்றதுக்குள்ள.”

பிறகு ஸ்டூலில் ஏறி உட்கார்ந்தாள். கண்ணிமைக்காமல் காத்திருந்தாள்.